ஊர் ஊராகப் போகும் ஃபார்வர்ட் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

என் மகன் பாளையங்கோட்டையில் படிக்கும்போது கல்லூரிக் கால்பந்து அணியில் ஃபார்வர்டாக, அதாவது முன்னே நின்று கோல் அடிக்கிறவனாக ஆடியவன். மூன்று வருடத்தில் கிளப் மாறிக்கொண்டே இருக்கிறான். முதலில் சென்னை, பிறகு பெங்களூரு, இப்போது கோவாவிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் "ஒரு இடத்துல நெலச்சு நிக்க மாட்டேங்கானே" என்கிறார்கள். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதே பேச்சு. இத்தாலியின் டோட்டி போன்றவர்கள் ஒரே கிளப்பில் காலம் முழுக்க இருந்தார்களே, நல்ல ஆட்டக்காரனை யாராவது விடுவார்களா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. உள்ளதைச் சொல்லுங்கள்.

எஸ்., திசையன்விளை

அன்புள்ள எஸ். அண்ணாச்சி,

தம்பி ஆடி நான் பார்த்ததில்லை. அதனால் அவர் திறமையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை கிளப் மாறினான் என்று எண்ணி ஒரு ஃபார்வர்டை எடைபோடுவது தப்பு. அதை உறுதியாகச் சொல்வேன்.

செபாஸ்டியன் அப்ரேயு என்று ஒருவர். உருகுவே நாட்டில் மினாஸ் என்ற சின்ன ஊரில் 1976-இல் பிறந்தவர். ஆறேகால் அடிக்கு மேல் உயரம், இடதுகால்காரர். 11 நாடுகளில் 30-க்கும் மேற்பட்ட கிளப்களுக்கு ஆடியிருக்கிறார். 2017-இல் சிலி நாட்டின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது அது அவருக்கு 26-ஆவது கிளப். அதற்காகவே கின்னஸில் பெயர் வந்தது. நெலச்சு நிற்காதவர் என்றால் உலகத்திலேயே இவர்தான்.

எப்படி இத்தனை கிளப்? 1998-இல் ஸ்பெயினின் டிபோர்ட்டிவோ லா கொருனா இவரை வாங்கியது. அங்கே ஆடியது கொஞ்ச நாள்தான். அப்புறம் வருடக்கணக்காக லோனில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா, சொந்த உருகுவே என்று சுற்றினார். லோன் என்றால் ஆள் பழைய கிளப்புக்குச் சொந்தம், ஆட்டம் வேறு கிளப்புக்கு. தவணை முடிந்தால் திரும்பிவிட வேண்டும். இதில் அவர் இஷ்டம் என்ன இருக்கிறது? அப்படிப் போன மெக்சிகோவில்தான் 2002-இல் க்ரூஸ் அசுல் கிளப்புக்காக 19 கோல் அடித்து அந்த சீசனில் லீகிலேயே முதலிடத்துக்கு வந்தார்.

நம் பக்கத்துக் கோவில் கொடையை நினைத்துப் பாருங்கள். வில்லுப்பாட்டு அண்ணாவி இன்றைக்கு ஒரு சுடலைமாடன் கோவிலில் பாடுவார், வெள்ளிக்கிழமை வேறொரு ஊரில் முத்தாரம்மனுக்குப் பாடுவார். அந்த ஊரில் அவருக்கு யாரையும் தெரியாது. ஆனால் நடுச்சாமத்தில் குடமும் உடுக்கும் உச்சத்துக்குப் போகும்போது, சாமியாடும் கோமரத்தாடிக்குச் சாமி வந்தாக வேண்டும். அதற்குத்தான் அவரைக் கூப்பிட்டது. எத்தனை கோவில் மாறினீர்கள் என்று எந்த ஊரிலும் அவரைக் கேட்பதில்லை. அடுத்த வருடத்துக்கும் சேர்த்து வெற்றிலை பாக்கு வைக்கிறார்கள்.

ஃபார்வர்டின் பிழைப்பும் அதுதான். பின்னே நின்று கோலைத் தடுக்கும் பேக் ஆடுகிறவன் பக்கத்தில் நிற்பவனோடு இரண்டு மூன்று வருடம் பழகினால்தான் பூட்டுப் போட்ட மாதிரி ஆட முடியும். அவனைக் கிளப் லேசில் விடாது. கோல் விழாமல் தவிக்கிற அணி முதலில் தேடுவது ஃபார்வர்டை. ஆறு ஆட்டம் கோல் இல்லையென்றால் முதலில் அனுப்புவதும் அவனைத்தான். டோட்டி 1993 முதல் 2017 வரை ரோமா கிளப்புக்கே ஆடினார் என்பது உண்மை. அவர் ரோமிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

உவரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில், திருவிழாவை ஒட்டி நடந்த, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கெஸ்ட் பிளேயராக வந்த ஃபார்வர்ட், ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கினார். மாட்டக் கொடுத்த சட்டையில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே இடது ஓரத்தில் ஆடும் பையனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "கிராஸ் எந்தக் கால்ல போடுவ?" கிராஸ் என்றால் ஓரத்திலிருந்து கோல் முன்னே போடுகிற பந்து. அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் அந்தப் பையன் போட்ட பந்துக்கு அவர் தலை சரியாக அங்கே இருந்தது.

அப்ரேயுவும் இப்படித் தன் சரக்கைக் கையோடு எடுத்துப் போனவர்தான். 2010 ஏப்ரலில் பிரேசிலின் போட்டாஃபோகோவுக்காக, ஃபிளமெங்கோவுக்கு எதிராக ஒரு பெனால்டி. ஓங்கி உதைக்காமல் பந்தை மெல்லக் கெண்டிவிட்டார். மேல் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. இரண்டரை மாதம் கழித்து உலகக் கோப்பைக் காலிறுதி, எதிரே கானா. ஆட்டம் சமனாகி, பெனால்டி உதைகளில் வந்து நின்றது. நம் ஊரில் இரவு இரண்டரை மணி தாண்டிவிட்டது. வண்ணார்பேட்டையில் நண்பர் வீட்டில் நாலு பேர் பாயில் உட்கார்ந்திருந்தோம். இவர் உதைத்துக் கோல் ஆனால் உருகுவே அரையிறுதியில், 1970-க்குப் பிறகு முதல் தடவையாக. 33 வயது, 13-ஆம் எண் சட்டை. ஓடி வந்தார். கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார். குழந்தைக்குத் தூக்கிப் போடுகிற மாதிரி பந்து நடுவில் மெதுவாகப் போய் இறங்கியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை கிளப் மாறியவரை உருகுவே கைவிடவில்லை. நாட்டுக்காக 70 ஆட்டம் ஆடி 26 கோல் அடித்திருக்கிறார்.

உங்கள் கவலையில் நியாயமான பகுதியும் இருக்கிறது. கோவா ஒப்பந்தத்தின் பிரதியைத் தம்பியிடம் வாங்கிப் படியுங்கள். எத்தனை மாதம், சம்பளம் எந்தத் தேதியில், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக இருந்தால் அங்கே தயங்கலாம்.

இன்னொன்று. கடிதத்தில் சொந்தக்காரர்கள் சொன்னது, பெண் வீட்டார் சொன்னது எல்லாம் இருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் நீங்கள் போய் அவர் ஆட்டத்தைப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. திருநெல்வேலியிலிருந்தே கோவாவின் மட்காவ் வழியாகப் போகிற ரயில் இருக்கிறது. ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். பந்து அவரிடம் இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறார், யாரிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள்.