தோளில் சேராமல் நின்ற எலும்பு

கேள்வி: பெயின்டரான என் கணவருக்கு 42 வயது. சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கும்போது தோள் வலிக்கிறது. எக்ஸ்ரே அறிக்கையில் ‘ஆஸ் அக்ரோமியேல்’ என்றிருக்கிறது. எலும்பு முறிந்துவிட்டதா? ஆபரேஷன் தேவைப்படுமா?

பதில்: இது முறிவு அன்று. தோள்பட்டை எலும்பின் மேல்நுனி, இளம் வயதில் தனித்தனித் துண்டுகளாக இருந்து, பொதுவாக 25 வயதுக்குள் ஒன்றாகிவிடும். சிலருக்கு ஒரு துண்டு சேராமலே நின்றுவிடுகிறது. பலர் இதை அறியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். 1545-இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் இறந்தவர்களின் எலும்புக்கூடுகளில் இது மிகுதியாகக் காணப்பட்டதால், அதிலிருந்த வில்வீரர்கள் சிறு வயது முதலே கனத்த வில்லை இழுத்ததுதான் காரணமோ என்று ஆய்வாளர்கள் கருதியதுண்டு.

கையை உயர்த்தும்போது, தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை அத்துண்டைக் கீழ்நோக்கி இழுப்பதால், அதனடியில் செல்லும் தசைநாண் உரசி வலிக்கலாம். நாளடைவில் கிழியவும் கூடும். ஆனால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டது என்பதற்காகவே வலிக்கு இதுதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. தோளின் உச்சியில், சரியாக அந்த இடத்தில், விரலால் அழுத்தினால் வலிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார்; தசைநாணின் நிலையை எம்.ஆர்.ஐ. காட்டும். முதலில் சில மாதங்கள் ஃபிசியோதெரபிதான். அதுவரை சீலிங் வேலையை வேறொருவர் பார்க்கட்டும். அப்போதும் வலி அடங்காவிட்டால், துண்டு சிறிதாயின் அகற்றுவதையும், பெரிதாயின் ஸ்க்ரூ வைத்து இணைப்பதையும் பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசலாம்.