எலும்பை ஆராய எம்பிபிஎஸ் எதற்கு?

பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு,

மகளுக்கு இரண்டாவது முறையும் நீட் கைகொடுக்கவில்லை. சேலத்து வீட்டை அடமானம் வைத்தாவது தனியார் கல்லூரியில் சீட் வாங்கச் சொல்கிறார் உங்கள் மைத்துனர். கவலை புரிகிறது. ஆனால் வீட்டில் கை வைக்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தாண்டுவது சாதாரணம். ஐந்தரை வருடம் படித்து முடித்தால், மேற்படிப்புக்கு மறுபடியும் நுழைவுத் தேர்வு.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முடக்குவாதத்தில் கோணிப்போன பாட்டியின் விரல்களைப் பார்த்து, "உடம்பு தன் மூட்டையே ஏன் தாக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாமே! ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வேறு. அவள் போக வேண்டிய இடம் ஆய்வகம்.

1997-இல் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். ஒரு குறிப்பிட்ட புரதம் அதிகம் சுரக்கும் எலிகளுக்கு எலும்பு அடர்ந்து கிடந்தது. எலும்பை அரிக்கும் செல்கள் உருவாவதையே அந்தப் புரதம் தடுத்துவிடுகிறது. அந்த இழையைப் பிடித்துப் போய்த்தான் 2010-இல் எலும்புப்புரைக்கு (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்) டெனோசுமாப் ஊசி வந்தது. உங்கள் மகளின் கேள்வியும் இந்த ரகம்தான்.

பிசியோதெரபி, நர்சிங், பார்மசி பற்றி ஊரே சொல்லும், விடுங்கள். நான் சொல்வது ஐசர் (IISER) என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் அறிவியல் படிப்பு. திருப்பதியிலேயே ஒன்று இருக்கிறது. அதற்கான ஐஏடி நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள். பியூசியில் (பிளஸ் டூ) இந்த நான்கும் சேர்ந்த பிசிஎம்பி எடுத்தவள்தானே, கணக்கை மட்டும் தூசி தட்டினால் போதும். நீட்டுக்குப் படித்தது வீணாகாது. அப்புறம் பிஎச்டி. சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பெங்களூரிலேயே, ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் என்சிபிஎஸ் (உயிரியல் ஆய்வு மையம்), இன்ஸ்டெம் (ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனம்) இரண்டும் இருக்கின்றன. தோல் காயம் எப்படி ஆறுகிறது என்று இன்ஸ்டெமில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: பிஎச்டி ஐந்தாறு வருடம் இழுக்கும், முப்பது வயதுக்குள் நிரந்தர வேலை கிடைப்பது கஷ்டம். கல்யாணப் பேச்சு அதற்கு முன்பே வந்துவிடும். அதைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு.

இந்திய அறிவியல் கழகத்தில் வருடா வருடம் ஒரு நாள் பொதுமக்களுக்கு ஆய்வகங்களைத் திறந்து காட்டுவார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மைத்துனர் வேண்டாம்.