வறுமைக் கோடு: இந்த முறை வந்த கேள்விகள்

கேள்வி: உலக வங்கி வறுமைக் கோடாகச் சொல்லும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலரை இன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கினால் பெரிய தொகை வருகிறதே?

பதில்: பெருக்காதீர்கள். அது 2021 விலையில், வாங்கும் திறன் சமநிலைப்படி, அதாவது அமெரிக்காவில் அந்தப் பணத்துக்குக் கிடைப்பதை உள்ளூரில் வாங்க எவ்வளவு வேண்டும் என்று பார்த்துக் கணக்கிட்ட டாலர். வங்கியில் மாற்றுகிற டாலர் இல்லை. எந்த ஆண்டு விலை என்று பார்க்காமல் எந்தக் கோட்டையும் தொடாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது!

கேள்வி: கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மீண்டதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: எந்த நாடு, எந்தக் கோடு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? ஒன்றையும் எழுதாமல் உண்மையா என்று கேட்டால் நான் எதைப் பார்த்துப் பதில் சொல்ல? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: கோட்டைத் தாண்டியவருக்கு அடிப்படைத் தேவைகள் எல்லாம் கிடைத்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எனக்கு ஆத்திரம் வருவதே இந்த இடத்தில்தான். அமெரிக்கக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் அமெரிக்க அரசுப் பொருளியலாளர் மோலி ஒர்ஷான்ஸ்கி மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார், ஏனென்றால் 1955 கணக்கெடுப்பில், வரி போகக் கையில் வரும் குடும்ப வருமானத்தில் உணவின் பங்கு மூன்றில் ஒன்றாக இருந்தது. அன்றைக்கு அது நியாயமான கணக்கு. 1969இல் அதை அதிகாரபூர்வமாக்கியவர்கள் அதற்கப்புறம் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றினார்களே தவிர அடிப்படையைத் திறந்து பார்க்கவில்லை. இன்று அங்கே குடும்பச் செலவில் உணவின் பங்கு எட்டில் ஒன்று அளவுக்கு இறங்கிவிட்டது, வாடகையும் மருத்துவமும் குழந்தைப் பராமரிப்பும் எங்கோ போய்விட்டன, ஆனால் அடியில் இருப்பது அதே பழைய மூன்று. எவ்வளவு இருந்தால் போதும் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் எவ்வளவு போதாது என்று சொல்ல முடிய வேண்டும் என்றுதான் ஒர்ஷான்ஸ்கியே எழுதினார். இந்தியாவில் திட்டக் குழுவின் 1979 பணிக்குழுவும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிராமத்தில் 2,400, நகரத்தில் 2,100 கலோரி என்று வைத்தது. மற்றச் செலவுகளுக்கு, அந்தக் கலோரியை எட்டியவர்கள் அப்போது என்ன செலவழித்தார்களோ அதுவே அளவு. பள்ளிக்கும் மருந்துக்கும் எவ்வளவு வேண்டும் என்று யாரும் தனியாகக் கணக்குப் போடவில்லை, அவற்றை அரசு கொடுக்கும் என்று விட்டுவிட்டார்கள். கொடுக்காத ஊரில் அந்தச் செலவு சாப்பாட்டுப் பணத்திலிருந்துதான் போகும். அப்படிச் சாப்பாட்டைக் குறைத்தவரும் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் கோட்டுக்கு மேலேதான் நிற்பார்!

கேள்வி: ஐரோப்பாவில் இடைநிலை வருமானத்தில் 60 சதவீதம் என்கிறார்களே, அது மேலா?

பதில்: அது வேறு கேள்விக்கான பதில். இடைநிலை வருமானம் என்பது எல்லோரையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம். ஊரோடு ஒப்பிட்டால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்று காட்டும். அந்த நடு வருமானம் சரிந்தால் கோடும் சரியும், யார் வயிறும் நிறையாமலே ஏழைகள் குறைந்ததாகக் கணக்கு வரலாம்.

கேள்வி: பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் வருமானம் எத்தனை சதவீதம்?

பதில்: பூஜ்ஜியம். உலக அளவிலான குறியீட்டில் உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்று மூன்று பிரிவு, அவற்றில் பத்துக் குறிகாட்டிகள். ஒவ்வொரு குறிகாட்டிக்கும் ஒரு எடை, அதாவது மொத்தத்தில் ஒரு பங்கு உண்டு; குறை உள்ளவற்றின் எடையைக் கூட்டினால் மூன்றில் ஒரு பங்காவது வந்தால் ஏழை. இதைக் கோட்டுக் கணக்கோடு கூட்டிக் கழிக்காதீர்கள், இரண்டும் ஒரே ஆட்களைக் காட்டுவதில்லை.