கிணற்றடி வல்லாரை கோடையில் ஏன் கருகுகிறது?

கேள்வி: பரந்தனில் வீட்டுக் கிணற்றடியில் சிறு பாத்தியாக வல்லாரை வைத்திருக்கிறோம். மாரியில் நன்றாகப் படர்ந்தது. பங்குனிக்குப் பிறகு இலை சிறுத்து, ஓரம் கருகி, குருத்திலை வெளிறுகிறது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறோம். குளிக்கும் தண்ணீரும் உடுப்புத் தோய்க்கும் தண்ணீரும் அங்கேதான் ஓடுகிறது. அடுப்புச் சாம்பலும் போட்டோம். என்ன குறை?

பதில்: நீங்கள் சொல்லும் குறிகள் பெரும்பாலும் மேல்மண்ணில் உப்பு ஏறியதைக் காட்டுகின்றன. ஆனையிறவுக் கடல்நீரேரிக்குக் கிட்டவுள்ள கிணறுகளில் கோடையில் நீர்மட்டம் இறங்க உவர் கூடும். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால், அது மேல் இரண்டு அங்குலத்தைத் தாண்டி இறங்காமல் வெயிலில் ஆவியாகிவிடும்; உப்பு அங்கேயே தங்கும். வல்லாரையின் கணு வேர்களும் அந்த மேல்மண்ணில்தான் இருக்கின்றன. இலையோரம் கருகுவது இதனால்தான்.

குருத்திலை வெளிறுவதைக் கிட்டப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் காரம் ஏறினால், இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சாம்பல் காரத்தையும் உப்பையும் சேர்த்தே கூட்டும், உடனே நிறுத்துங்கள். கோழியெருவிலும் உப்பு அதிகம், வேண்டாம். அடியிலைகள் முதலில் முழுதாக மஞ்சளானால் மட்டும் அது தழைச்சத்துக் குறை.

சவர்க்காரத் தண்ணீரை இன்றைக்கே வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். அதிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கி, மேலே ஓடு கட்ட வைக்கும். அதைவிடப் பெரிய காரணம், வல்லாரையை நாம் பச்சையாகவே சம்பல் போட்டுச் சாப்பிடுகிறோம். கழிவுநீரில் வளர்ந்த இலையோடு புழு முட்டையும் வயிற்றோட்டக் கிருமியும் வீட்டுக்குள் வரும். மலசலகூடக் குழிக்குக் கிட்டவும் இந்தப் பாத்தி இருக்கக் கூடாது.

பழைய பாத்தியைத் திருத்துவதைவிடப் புதிதாக ஒன்று போடுவதே நல்லது. வாழை அல்லது முருங்கையின் கிழக்குப் பக்கம் பாருங்கள். காலை வெயில் படும், பிற்பகல் நிழல் விழும். மரம் இல்லையென்றால் நாலடி உயரத்தில் பந்தல் போட்டுக் கிடுகை இடைவெளி விட்டுப் பரப்பி, பாதி வெளிச்சம் விழ விடுங்கள். சோளகக் காற்று வரும் தென்மேற்குப் பக்கத்தையும் கிடுகால் மறைப்பது அவசியம். அந்த வறண்ட காற்று வெயிலைப்போலவே ஈரத்தை இழுக்கும்.

மூன்றடி அகலத்தில், தரையிலிருந்து அரையடி உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். உயரம் இல்லாவிட்டால் கழுவும் உப்பு வடிய வழியில்லை. ஒரு சதுர மீற்றருக்கு நன்றாக உக்கிய மாட்டெரு ஐந்து கிலோவும் ஒரு வாளி உமிக்கரியும் போட்டு அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலவுங்கள். தென்னந்தும்புத் தூள் போடுவதானால் முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழியுங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

இரண்டு மூன்று கணுவும் வேரும் உள்ள கொடித்துண்டுகளை அரையடிக்கு ஒன்றாக, கணு மண்ணில் பதிய நடுங்கள். குருத்து மண்ணுக்குள் போகக் கூடாது. பழைய பாத்தியில் எடுக்கும்போது வேரைப் பாருங்கள். சிறு முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சுப் புழு. அந்தக் கொடியை எடுக்காதீர்கள். கத்தரி, தக்காளி, வெண்டி நின்ற இடத்திலும் நடவேண்டாம், அதே புழு அங்கும் இருக்கலாம். செடிகளுக்கிடையே பூவரசங்குழையோ வைக்கோலோ ஒரு அங்குலம் பரப்புங்கள்.

இனித் தண்ணீர். தெளிப்பதை விட்டு, அதிகாலையில் ஒரு தரம் சதுர மீற்றருக்கு எட்டு முதல் பத்து லீற்றர் ஊற்றுங்கள். விரலை விட்டுப் பார்த்து இரண்டங்குலத்தில் ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். பத்து நாளுக்கு ஒருதரம் நாற்பது லீற்றரை இரண்டு மூன்று தவணையாக விட்டு உப்பைக் கீழே கழுவிவிடுங்கள். இதற்கு மழைநீர் கிடைத்தால் மிக நல்லது: நூறு சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லீற்றர் சேரும். கிணற்று நீரின் மின்கடத்துதிறனை (நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் மூலம் அளப்பியுங்கள். மீற்றருக்கு 0.7 டெசிசீமனுக்குக் கீழே என்றால் பயமில்லை. 3க்கு மேலே போனால் அந்தத் தண்ணீரில் கோடை வல்லாரை வேண்டாம். நாலைந்து கொடியை நிழலில் சட்டியில் வைத்து மழைநீரிலோ வாங்கும் நல்ல தண்ணீரிலோ காப்பாற்றி, ஐப்பசி மழையோடு பாத்திக்கு மாற்றுங்கள்.

முதல் வெட்டு நட்டு இரண்டரை முதல் மூன்று மாதத்தில். முற்றிய இலையைக் காம்போடு அறுத்து, குருத்தையும் இளம் இலையையும் விடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஒரு கைப்பிடி உக்கிய எருவைத் தூவி நனையுங்கள். நத்தை வந்தால் மருந்து அடிக்காமல் இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். பச்சையாக உண்ணும் இலை இது.