அறிவியல் வகுப்பில் எதற்கு இடம்?

கேள்வி: அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பரிணாமத்தையும், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புவாதத்தையும் அருகருகே கற்பித்து, எது சரி என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடலாமே? இரு தரப்பையும் கேட்பதுதானே நியாயம்? நீதிமன்றங்கள் ஏன் அதற்கு இடம் தரவில்லை?

பதில்: இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்னும் தங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு கருத்து அறிவியல் வகுப்பில் இடம்பெறுவது அதை நம்புவோரின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. தவறென்று நிறுவப்படும் வாய்ப்பை ஏற்றுக்கொண்டு, அது சோதனைகளில் தேறியிருக்கிறதா என்பதையே பொறுத்தது. மீன்களிலிருந்து நான்கு கால் விலங்குகள் தோன்றியிருந்தால், இடைப்பட்ட உயிர் ஒன்றின் எச்சம் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் இருக்க வேண்டும் என்று கணித்த ஆய்வாளர்கள், அத்தகைய பாறைகளைத் தேடிக் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவுக்குச் சென்றார்கள். 2004இல் டிக்டாலிக் என்னும் உயிரின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார்கள். செதிலும் துடுப்பும் கொண்ட அந்த மீனுக்குத் தலையைத் திருப்ப உதவும் கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டை ஒத்த எலும்புகளும் இருந்தன. இப்படி முன்கூட்டியே சொல்லி, தேடிப் போய்ச் சரிபார்க்க முடிவதுதான் பரிணாமத்தை அறிவியலாக்குகிறது.

படைப்புவாதத்தின் கூற்றுகளிலும் சில சோதிக்கத்தக்கவையே. பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் என்பது அவற்றுள் ஒன்று. பாறைகளிலும் விண்கற்களிலும் நிகழும் கதிரியக்கச் சிதைவை அளந்து, அந்த வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் என்று அறிந்துவிட்டோம். படைத்தவரின் சித்தம் பற்றிய மற்ற கூற்றுகளை எந்தக் கருவியாலும் அளக்க இயலாது. அவை பொய் என்று நான் சொல்லவில்லை. அறிவியல் ஆசிரியர் மதிப்பெண் போடத்தக்க பாடம் அன்று என்றே சொல்கிறேன்.

நீதிமன்றங்களின் நிலைப்பாடு, அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டலாகாது என்னும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்திலிருந்து பிறந்தது. தனியார் மதப் பள்ளிகளை அது கட்டுப்படுத்துவதில்லை. தொடக்கத்தில் தடை எதிர்த்திசையில்தான் இருந்தது: மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று கற்பிப்பதை டென்னசி மாநிலம் 1925இல் குற்றமாக்கியது, ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நடைமுறைப் பிழையால் அத்தீர்ப்பு 1927இல் நீக்கப்பட்டாலும், சட்டம் 1967 வரை ஏட்டில் இருந்தது. ஆர்கன்சாவின் இத்தகைய தடையை 1968இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது. பரிணாமத்தைக் கற்பித்தால் அறிவியல் என்ற பெயரில் முன்வைக்கப்பட்ட படைப்புவாதமான ‘படைப்பு அறிவியலையும்’ கற்பித்தாக வேண்டும் என்று, ஏறக்குறையத் தாங்கள் கேட்பதையே லூசியானா மாநிலம் சட்டமாக்கியபோது, அதன் நோக்கம் மதம் சார்ந்தது என்று கண்டு 1987இல் அதே நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது.

அதன்பின் நடந்தது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளி வாரியம் உயிர்களை ஓர் அறிவாற்றல் திட்டமிட்டு வடிவமைத்தது என்று சொல்லும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் கருத்தை மாணவர்முன் வைத்தபோது, பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தார்கள். வாரியம் சுட்டிய துணைநூலின் பழைய வரைவுகளை நீதிமன்றத்தில் ஒப்பிட்டபோது, 1987 தீர்ப்புக்குப் பின் ‘படைப்பு’ என்ற சொல் நீக்கப்பட்டு அதே இடங்களில் ‘வடிவமைப்பு’ என்ற சொல் வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2005 டிசம்பரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ், அது அறிவியல் அன்று என்று தீர்ப்பளித்தார். நம்பிக்கையை நம்பிக்கையென்று சொல்வதில் இழுக்கு ஏதும் இல்லையே. பிள்ளைகளிடம் அதைப் பெயர் மாற்றிக் கொடுப்பது அந்த நம்பிக்கைக்கும் மரியாதை அன்று.

கேள்வி: பரிணாமமும் ஒரு கோட்பாடுதானே?

பதில்: ஆம், அணுக் கோட்பாட்டைப் போல. பேச்சு வழக்கில் ஊகத்தைக்கூடக் கோட்பாடு என்கிறோம். அறிவியலில் அச்சொல் பல சான்றுகளை ஒருசேர விளக்கி நிற்கும் அமைப்பைக் குறிக்கும்.

கேள்வி: ஆழ்ந்த மத நம்பிக்கையுள்ள மாணவி ஒருத்தி, “இதை ஏற்றால் என் நம்பிக்கையை விட வேண்டுமா?” என்று வகுப்பில் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வது?

பதில்: அவளை ஒருபோதும் ஏளனம் செய்யலாகாது. பாடத்தைப் புரிந்துகொண்டு, சான்றுகள் காட்டுவதை விளக்கத் தெரிந்தால் போதும். அவள் உள்ளத்தில் எதை நம்புகிறாள் என்பதைத் தேர்வு கேட்பதில்லை என்று சொல்லலாம். 1981இல் ஆர்கன்சா கொண்டுவந்த பரிணாமத்துக்கும் படைப்புவாதத்துக்கும் வகுப்பில் சம இடம் தரச் சொன்ன ‘சம நேர’ச் சட்டத்தை எதிர்த்து வழக்காடியவர்களில் பலர் கிறித்தவ மதகுருமார் என்பதையும், டோவர் வழக்கில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர் என்பதையும் அவளுக்குச் சொல்லலாம். படைப்புக் கதைகளை வரலாறு, இலக்கிய வகுப்புகளில் பல மதங்களினூடே ஒப்பிட்டுப் படிக்கவும் தடையில்லை. ஆனால் பரிணாமம் கடவுளை மறுத்துவிட்டது என்று ஆசிரியர் அறிவித்தால், படைப்புவாதத்தைக் கற்பிப்பவர் மீறும் அதே வரம்பை அவரும் மீறுகிறார்.