கேளுங்க அண்ணாச்சி: பழைய கோடாலியும் புதுக் காம்பும்

கேள்வி: அண்ணாச்சி, மச்சில் கிடந்த பழைய சாமான்களை இறக்கும்போது எங்கள் தாத்தாவின் கோடாலி கிடைத்தது. தலை முழுக்கத் துரு. காம்பு ஒடிந்து, அதன் துண்டு மட்டும் துளைக்குள் இறுகிப்போய் நிற்கிறது. அடுப்புக்குள் போட்டால் கட்டையும் எரிந்துவிடும், துருவும் உதிர்ந்துவிடும் என்கிறார் மாமா. போடலாமா?
- வாசகர், நாங்குநேரி

பதில்: போடவே போடாதீங்க தம்பி. மாமா கோபித்துக்கொண்டால் அண்ணாச்சி சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள். கோடாலியின் வெட்டுகிற வாய்ப்பகுதிக்குப் பட்டறையில் பதம், அதாவது காய்ச்சி வரவழைத்த கடினம், ஏற்றியிருப்பார்கள். 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஏறும், 300-ஐ நெருங்கினால் நீலம் பாயும், அந்த நீலம் வந்த இடத்தில் பதம் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். விறகு அடுப்பின் சூடு அதற்கெல்லாம் மேலே. எரிந்து முடிந்து வெளியே எடுத்தால் கோடாலி பார்க்கக் கோடாலியாகத்தான் இருக்கும், நாலு கட்டை பிளந்த பிறகு வாய் மடங்கிக் கிடக்கும். அப்புறம் கொல்லாசாரியிடம் கொண்டுபோய் மறுபடி பதம் ஏற்ற வேண்டும், இப்போது நல்ல ஆசாரி கிடைப்பதே பெரும்பாடு.

துண்டை எடுக்க டிரில் மிஷின் போதும். கட்டையில் நெருக்கமாக ஏழெட்டு ஓட்டை போடுங்கள், நடுவில் இரும்பு ஆப்பு இருந்தால் அதன் ஓரமாகவே போங்கள், பிட் ஒடியாது. துளை இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று அளந்து பாருங்கள். ஆப்பு அடித்து மாட்டிய கோடாலி என்றால் காம்பு நுழைகிற அடிப்பக்கம் கொஞ்சம் குறுகலாகவும் மேல்பக்கம் அகலமாகவும் இருக்கும். குறுகின பக்கத்திலிருந்து அகலமான பக்கத்துக்குத் தட்டினால் கட்டை வந்துவிடும், திருப்பித் தட்டினால் இன்னும் இறுகும்.

துருவுக்கு வெள்ளை வினிகர். தலை முழுகும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்புச் சேறாக வழியும். (புளித்தண்ணீரும் கேட்கும், ஆனால் மெதுவாக.) ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி செம்மண் நிறம் ஏறும்.

இப்போது வாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பல கோடாலிகளுக்கு உடம்பு பச்சை இரும்பு (பதம் ஏறாத மிருதுவான இரும்பு), வாய்க்கு மட்டும் எஃகுத் துண்டு வைத்து உலையில் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். அமிலம் பட்டதும் எஃகு அதிகமாகக் கறுக்கும், இரும்பு வெளிர் சாம்பலாக நிற்கும், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு நெளிந்த கோடு தெரியும். உங்கள் கோடாலியில் கோடு தெரிந்தால், அந்தக் கோட்டிலிருந்து வாய் வரைக்கும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் அதன் மிச்ச ஆயுசு. விரல் அகலம் இருந்தால் இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். கோடு வாயைத் தொட்டுவிட்டதென்றால் எஃகு தேய்ந்து தீர்ந்துவிட்டது, சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள், காம்புக்குச் செலவு செய்ய வேண்டாம்.

கூர் வைக்க அரம்தான். அரம் லேசாகக் கடித்தால் பதம் சரி, வெண்ணெய் போலச் சீவிக்கொண்டு போனால் யாரோ ஏற்கெனவே அடுப்பில் போட்டுவிட்டார்கள். பட்டறையில் கிரைண்டரில் கொடுத்தால் அஞ்சு நிமிஷ வேலை, வாஸ்தவம்தான், ஆனால் பொறி பறக்கிற ஜோரில் வாய் நீலமாகிவிடும். அப்படியே கொடுத்தாலும் அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி: தேக்கில் காம்பு போட்டேன், ஒரு மாசத்தில் இரண்டாகப் பிளந்துவிட்டது. விலை கொடுத்து வாங்கிய நல்ல மரம் அண்ணாச்சி. என்ன மரம்தான் போடுவது?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தேக்கு கதவுக்கு ராஜா. ஆனால் சட்டென்று விழும் அடியைத் தாங்காது. அமெரிக்காவில் ஹிக்கரி, இங்கிலாந்தில் ஆஷ் என்று போடுகிறார்கள், நமக்கு அதெல்லாம் எதற்கு, நாட்டுக் கருவேலம் இருக்கிறது. மம்பட்டிக் கணைக்கும் வண்டிச் சாமானுக்கும் காலங்காலமாகப் போட்டு வந்த மரம். விடத்தலையும் நல்லது. சீமைக்கருவேலம் வலுவில் குறைச்சல் இல்லை, காயும்போது அதிகம் சுருங்கவும் செய்யாது, மூணு அடிக்கு நேரான கட்டை தேடுவதுதான் பாடு.

மரத்தைவிட முக்கியம் நார் ஓட்டம். மிஷினில் அறுத்த சட்டத்தில் நார் குறுக்கே வெளியேறிப் போவது கண்ணுக்குத் தெரியாது, அடி விழும்போது அந்த இடத்தில்தான் சாய்வாகப் பிளக்கும். உங்களுடையதும் சாய்வாகப் பிளந்திருந்தால் பழி முழுவதையும் தேக்கின் மேல் போடாதீர்கள். விறகுக்கடையில் உருண்டைக் கட்டையாக வாங்கி, ஆப்பு வைத்துப் பிளந்து, அந்தப் பிளப்பிலிருந்து காம்பைச் செதுக்கச் சொல்லுங்கள். பிளப்பு நாரின் வழியேதான் போகும். வெளிவட்டத்து வெள்ளை மரத்தில் வண்டு விழும், வைரத்தை மட்டும் எடுங்கள். கட்டையின் இரண்டு முனையிலும் பெயின்ட் அடித்து நிழலில் போடுங்கள், அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. குளத்துக்குள் நிற்கிற கருவேல மரத்தில் கைவைத்துவிட்டு என் பேரைச் சொல்லாதீர்கள், அது அரசாங்கத்து மரம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கோடாலி கோடை வந்தால் ஆடுகிறது. அப்பா வாளித் தண்ணீரில் போட்டுவைப்பார், இறுகும், மறுபடி ஆடும். நிரந்தர வழி இல்லையா?
- வாசகர், திசையன்விளை

பதில்: தண்ணீரில் மரம் ஊதும், இரும்பு விட்டுக்கொடுக்காது, அதனால் உள்ளே நார் நசுங்கும். காய்ந்த பிறகு முன்னைவிட மெலிந்துதான் நிற்கும். அன்றைய வேலைக்குச் சரி, மறுநாள் இன்னும் ஆடும். ஆடுகிற தலையை வைத்துக்கொண்டு மட்டும் வெட்டாதீர்கள், கழன்று பறந்தால் யார் மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது.

ஐப்பசி மழையில் காம்பு போட்டால் பங்குனியில் ஆடத்தான் செய்யும். நன்றாகக் காய்ந்த கட்டையில், வெயில் காலத்திலேயே போடுங்கள். காம்பின் தலைப்பக்கம் துளையின் ஆழத்தில் முக்கால்வாசிக்கு ரம்பத்தால் ஒரு கீறல். பிறகு தலையைக் காம்பில் நுழைத்துவிட்டு, கோடாலியைத் தலைகீழாகத் தொங்குவது போலப் பிடித்துக்கொண்டு, காம்பின் அடிமுனையில் மரச் சுத்தியலால் தட்டுங்கள். தலை தரையைப் பார்த்துத் தொங்குகிறது, தட்டுவதோ மேலிருந்து, ஆனாலும் தலை கீழே விழாமல் காம்பின் மேல் ஏறும். கனமான இரும்பு இருந்த இடத்திலேயே நிற்க, காம்புதான் அதற்குள் இறங்குகிறது. தட்டுகிற சத்தம் மந்தமாக மாறியதும் நிறுத்துங்கள். இரும்பு உரசிய இடத்தில் மரத்தில் கறுப்பாகத் தடம் விழுந்திருக்கும், கழற்றி அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவி, மறுபடி ஏற்றுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்து, மேலே காம்பு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) வெளியே தெரிந்தால், கீறலில் காய்ந்த மர ஆப்பை அடித்து இறக்குங்கள். ஆணி அடிக்கிற வழக்கத்தை விடுங்கள், அது காம்பைப் பிளக்கும்.

கேள்வி: காம்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அது உலராதும்மா, பிசுபிசுவென்று தூசியைப் பிடிக்கும், கையும் வழுக்கும். விளக்கெண்ணெயும் அப்படித்தான். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் கேளுங்கள், ஆளிவிதை எண்ணெய்தான், காற்றுப் பட்டு இறுகும். மெல்லிசாகத் தடவி மிச்சத்தைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள், சுருண்டு கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வீணாக வேண்டாம், இரும்புக்குத் தடவுங்கள். அப்படியே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தை மறுநாளே துடைத்துவிடுங்கள், அந்த ஈரம் பட்ட இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும்.