நெஞ்சுக்குக் கத்தி, வயிற்றுக்கு நடை: இரண்டையும் பார்த்தவன் சொல்கிறேன்

கேள்வி இதுதான்: "வயது 25. நெஞ்சும் வயிறும் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஜிம்மில் வருடக்கணக்கில் மாரடிப்பதா, காஸ்மெட்டிக் சர்ஜரி செய்து ஒரே நாளில் முடித்துவிடுவதா?"

நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஆனால் நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டவன், வயிற்றுக்கும் செய்யுங்கள் என்று பணத்தோடு போய்த் திருப்பி அனுப்பப்பட்டவன். நீங்கள் கேட்ட இரண்டு இடமும் எனக்குப் பழக்கப்பட்ட இடம் என்பதால் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பதினான்கு வயதில் எனக்கு இரண்டு மார்புக் காம்புக்கும் அடியில் நெல்லிக்காய் அளவில் கட்டி மாதிரி வந்தது. அந்த வயதில் நிறையப் பையன்களுக்கு வருவதுதான், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக அமுங்கிவிடும். எனக்கு அமுங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன பட்டப்பெயர் வைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. காலேஜ் முழுக்க ஒரு சைஸ் சின்ன பனியன், அதன் மேல் இன்னொரு பனியன், அதன் மேல் சட்டை (பனியன் ஊரில் பிறந்த பலன்). கொடிவேரிக்குப் போனால் மற்றவர்கள் ஜட்டியோடு தண்ணீர் விழும் இடத்தில் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள், நான் மட்டும் டீ-ஷர்ட்டோடு இறங்குவேன், நனைந்ததும் அது உடம்போடு ஒட்டி இருந்ததைவிட மோசமாகக் காட்டிக்கொடுக்கும். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சாமி பார்க்கப் போக வேண்டும். அம்மா எனக்காக வேண்டிக்கொண்ட மொட்டையை அந்த ஒரே காரணத்துக்காகப் பரீட்சை, இன்டர்வியூ என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன்.

22 வயதில் ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வெறும் கொழுப்பு கண்ணு, ஆறு மாசம் பெஞ்ச் பிரஸ் போடு, கல்லு மாதிரி ஆயிரும்" என்றார். நல்ல மனுஷன், மனதார நம்பித்தான் சொன்னார். ஆறு மாதம் மூன்று வருடமானது. தோள் விரிந்தது, கை ஏறியது, 60 கிலோ வரை தூக்கினேன், நெஞ்சு மட்டும் போகவில்லை. போகாதது மட்டுமில்லை, இன்னும் துருத்தியது. பிறகுதான் புரிந்தது, நெஞ்சுத் தசை அந்தக் கட்டிக்குப் பின்னால் இருக்கிறது. தசை வளர வளர பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து அதை முன்னால் தள்ளுகிறது.

இதற்கு கைனகோமாஸ்டியா என்று பெயர், ஜிம்மில் சுருக்கமாக 'கைனோ' என்பார்கள். ஆணுக்கும் மார்பில் கொஞ்சம் பால்சுரப்பித் திசு உண்டு. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் இரண்டுக்கும் உள்ள சமநிலை குலைந்தால் அது வளர்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால் நார் பிடித்து இறுகிவிடும், அதற்கப்புறம் ஓடினாலும் கரையாது, பட்டினி கிடந்தாலும் கரையாது. கொழுப்பு என்றால் உடம்பு அதை எரிக்கும், சுரப்பியை எப்படி எரிக்கும்? மல்லாந்து படுத்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு பக்கமிருந்தும் காம்பை நோக்கி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். காம்புக்கு நேர் கீழே ரப்பர் வட்டு மாதிரி ஒன்று தட்டுப்பட்டால் சுரப்பியாக இருக்கலாம். கடைசி வரை மெத்தென்றே போனால் அநேகமாகக் கொழுப்பு, அதற்கு ஜிம் போதும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தாலோ, காம்பில் நீர் கசிந்தாலோ அழகு விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அதே ஜிம்மில் என்னைவிட நல்ல உடம்புள்ள ஒருத்தன் போட்டிக்காக 'ஊசி' போட்டான். டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றினால் உடம்பு அதில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். எட்டே மாதத்தில் அவனுக்கும் என் பிரச்சினை வந்தது. உடற்பயிற்சி என்றாலே ஆபத்தில்லாத வழி என்று நினைத்து ஜிம்முக்குள் போகிறவர்கள், அங்கே டப்பாவிலும் ஊசியிலும் விற்பதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, ஆபரேஷன். 27 வயதில் கோவையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். அவர் கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை, முதலில் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், ஊசி ஏதாவது போட்டாயா என்று கேட்டார், பிறகு ஹார்மோன், தைராய்டு ரத்தப் பரிசோதனை, மார்புக்கும் விதைக்கும் ஸ்கேன். விதைக்கு எதற்கு சார் என்று கூச்சத்தோடு கேட்டேன். அங்கே கட்டி இருந்தாலும் மார்பு வளரும் தம்பி, அதைப் பார்க்காமல் நெஞ்சை மட்டும் வெட்டினால் நான் தையல்காரன்தான் என்றார். எல்லாம் சரியாக வந்த பிறகுதான் தேதி கொடுத்தார்.

ஆபரேஷன் அன்று காலையில் நிற்க வைத்து மார்க்கரால் நெஞ்சில் கோடு போட்டார்கள், படுத்தால் கொழுப்பு நகர்ந்துவிடும் என்பதால். மயக்க மருந்து, முதலில் சுற்றியுள்ள கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி, பிறகு காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறி சுரப்பியை எடுத்தார்கள். எடுத்ததை பயாப்சிக்கு அனுப்பும் முன் என் மாமா பார்த்திருக்கிறார்: "ஆட்டுக்கறியில வர்ற ஜவ்வு மாதிரி வெள்ளையா இருந்துச்சு மாப்ள, இதைப் போயி புஷ்-அப்ல கரைக்கப் பாத்தியே." மூன்று வருட பெஞ்ச் பிரஸ்ஸுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் தீர்ப்பு.

ஒரே நாளில் முடிந்ததா என்றால், முடியவில்லை. இரண்டு நாள் நெஞ்சில் டியூப், அதில் ரத்தநீர் வடியும். ஆறு வாரம் இரவும் பகலும் இறுக்கமான கம்ப்ரஷன் வெஸ்ட். ஏப்ரல், மே மாதத் திருப்பூர் வெயிலில் அது என்ன பாடு படுத்தும் என்று போட்டவனுக்குத்தான் தெரியும். (அதன் விலையைக் கேட்டுவிட்டுத் தையலைத் திருப்பிப் பார்த்தேன், சாதாரண ஃபிளாட்லாக், எங்கள் கம்பெனி ஓவர்டைமில் அடித்துத் தள்ளிவிடும்.) ஐந்து மாதம் காம்பில் உணர்ச்சியே இல்லை. இடது பக்கம் ஒரு சின்ன பள்ளம் இன்றும் இருக்கிறது, குளிக்கும்போது சோப்பு நுரை அங்கே தங்கும். மொத்தம் 90,000 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆனது. அழகு சிகிச்சை என்று இன்சூரன்ஸ் கையை விரித்துவிட்டது, அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. இவ்வளவுக்கும் பிறகு கேட்டால், இன்னும் ஐந்து வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம் என்றுதான் சொல்வேன். மொட்டையும் போட்டாகிவிட்டது.

இப்போது வயிறு. இங்கேதான் நான் முட்டாளானது.

கல்யாணம், ஷிப்மென்ட் நெருக்கடி, ராத்திரி பதினொரு மணிக்குக் கம்பெனி வாசலில் பரோட்டா. இரண்டு வருடத்தில் இடுப்பு 98 சென்டிமீட்டர். நெஞ்சு வேலை நன்றாக முடிந்ததே என்ற தைரியத்தில் அதே டாக்டரிடம் போய், "சார், வயித்தையும் அப்படியே உறிஞ்சி எடுத்துருங்க" என்றேன். அவர் என்னைப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கி வயிற்றை இறுக்கச் சொன்னார். தோலைக் கொத்தாகப் பிடித்தார், பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் உள்ளங்கையால் வயிற்றைத் தட்டினார், அது அப்படியே குன்று மாதிரி நின்றது. "கையில பிடிபடுது பாருங்க தம்பி, இவ்வளவுதான் என் ஏரியா. மிச்சமெல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம்."

சுவர் என்று அவர் சொன்னது வயிற்றுத் தசையை. லைப்போசக்‌ஷன் என்ற கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையின் குழாய் தோலுக்கும் தசைக்கும் நடுவில் உள்ள கொழுப்பில்தான் ஓடும். நம் ஊர் ஆண்களின் தொப்பையில் கணிசமான பங்கு தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. குழாயை அங்கே விட முடியாது. சர்க்கரை, பி.பி., மாரடைப்பு என்று வம்பு செய்வதும் அந்த உள் கொழுப்புதான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் இரண்டு ஆய்வுகள் மனதில் நின்றன. அமெரிக்காவில் 2004-ல் வெளியானது: பருமனான 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகள், இன்சுலின் வேலை செய்யும் விதம் எதிலும் முன்னேற்றமே இல்லை. 10 கிலோ! அதையே நடந்தும் உணவைக் குறைத்தும் இறக்கியிருந்தால் சர்க்கரை டாக்டர் மாலை போட்டிருப்பார். இன்னொன்று பிரேசிலில், சாவோ பாலோவில், 2012-ல் வந்தது. சாதாரண எடையுள்ள 36 பெண்களுக்கு வயிற்றில் லைப்போ செய்துவிட்டு, பாதிப் பேரை நான்கு மாதம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள், மீதிப் பேர் சும்மா இருந்தார்கள். சும்மா இருந்தவர்களுக்கு உள் கொழுப்பு 10 சதவீதம் ஏறிவிட்டது, பயிற்சி செய்தவர்களுக்கு ஏறவில்லை. அதாவது வெளியே எடுத்ததை உடம்பு உள்ளே ஈடுகட்டப் பார்க்கிறது, அதைத் தடுக்க எப்படியும் வியர்க்கத்தான் வேண்டும். இதைப் படித்த பிறகு எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது, லைப்போ செய்தாலும் நடக்க வேண்டும் என்றால் பிறகு எதற்கு லைப்போ?

அதனால் நடந்தேன். காலை ஐந்தே முக்காலுக்கு 45 நிமிடம், வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. பரோட்டாவை முழுசாக விடவில்லை, சனிக்கிழமைக்கு மாற்றினேன். முதல் இரண்டு மாதம் கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை, பெல்ட்டில்தான் முதலில் தெரிந்தது. பதினான்கு மாதத்தில் 98-லிருந்து 89-க்கு வந்தது, இந்திய ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். சிட்-அப் போட்டால் தொப்பை போகும் என்று மட்டும் நம்பாதீர்கள், சிட்-அப் தசையைத்தான் வளர்க்கும், எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போக வேண்டும் என்று உடம்பு நம்மைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

கத்திக்கு வேறு நியாயமான இடங்களும் உண்டு. நாற்பது கிலோ குறைத்த ஒரு நண்பருக்கு வயிற்றுத் தோல் காலிப் பை மாதிரி தொங்குகிறது, அது எந்தப் பயிற்சிக்கும் சுருங்காது. அவரை யாராவது 'இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு' என்று சொன்னால் எனக்கே கோபம் வரும்.

ஆனால் 'சின்ன ஆபரேஷன்தானே' என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயது நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஃபேஸ்புக்கில் 'லஞ்ச் டைம் லைப்போ, 40 சதவீதம் தள்ளுபடி' என்று வருகிற இடத்துக்கெல்லாம் போகாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பு படித்தவரா, மயக்க மருந்து கொடுக்கத் தனி டாக்டர் இருக்கிறாரா, திடீரென்று ஏதாவது ஆனால் அதே கட்டடத்தில் ஐ.சி.யூ. இருக்கிறதா, இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் ஒன்றரை லட்சம் பேங்கிலேயே இருக்கட்டும். இன்று இரவு படுத்துக்கொண்டு நெஞ்சில் அந்த விரல் சோதனையைச் செய்து பாருங்கள், வயிற்றை இறுக்கித் தோலையும் பிடித்துப் பாருங்கள். நெஞ்சில் வட்டு தட்டுப்பட்டால் கமெண்டில் சொல்லுங்கள், நான் எடுத்த டெஸ்ட் பட்டியலை அனுப்புகிறேன். வயிற்றில் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் அலாரத்தை ஐந்தரைக்கு வையுங்கள்.